ஏழு கூடமும் ஒரு வெறும் ஆணியும்

அத்தியாயம் 5

மே மாதத்து ஞாயிறு, பிற்பகல் இரண்டே கால் மணி. வேலூர் லாங் பஜாருக்குப் பின்தெருவில், ஏழு கூடங்களை நடந்தே பார்க்கும் கலை நடையின் நான்காம் கூடத்தில் அப்போது இருந்தவர்கள்:

நத்தானியேல் - கூடத்தின் உரிமையாளர். தாத்தா விட்டுப்போன தோல் மண்டிக்கு வெள்ளையடித்து, கலைக்கூடம் என்று பலகை மாட்டியவர். வெள்ளைக்கு அடியிலிருந்து பழைய வாடை இன்னும் வந்துகொண்டிருந்தது.

வசந்த் - கலைஞர். சென்னை. நூற்றாறு டிகிரி வெயிலில் கறுப்பு முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தானிட்டிருந்தார்.

சாரா - கலை நடையின் ஒருங்கிணைப்பாளர். கையேட்டிலுள்ள கட்டுரைகளை எழுதியவர். கல்லூரியில் பாடம் எடுப்பவர் என்பது அவர் எல்லோரையும் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

அந்தோணி - காவலாளி. ஐம்பத்தெட்டு வயது. குற்றம் சாட்டப்பட்டவர். அதனால் நிற்க வைக்கப்பட்டிருந்தார்.

மக்பூல் அகமது - இருபது வருடம் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். இப்போது துப்பறிபவரின் உதவியாளர். கேட்காமலே பேசுவார்.

ஜெனிஃபா - துப்பறிபவர்.

இவர்களைத் தவிர, சுவரில் ஓர் ஆணி. சனிக்கிழமை மாலை ஆறு மணிவரை அந்த ஆணியில் மூன்றடி உயரத் தோல் படைப்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பெயர் ‘நிலம் நகரும் திசை’. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அந்தோணி கதவைத் திறந்தபோது ஆணி மட்டும் இருந்தது. பூட்டு உடையவில்லை, ஜன்னல் உடையவில்லை. ஆகவே அந்தோணிதான் எடுத்தார் என்று ஒன்பதரைக்குள் முடிவாகிவிட்டது. காவலாளி விஷயத்தில் பெரிய மனிதர்களுக்கு யோசிக்க அவ்வளவு நேரம் பிடிப்பதில்லை.

“நாங்க ஒண்ணும் அவசரப்படலை மேடம்,” என்றார் நத்தானியேல். “அஞ்சு மணிக்கு ஏழாம் கூடத்துல நிறைவு விழா. அதை வாங்கின சென்னைக்காரரோட ஆள் வந்து எடுத்துட்டுப் போகணும். எஸ்.ஐ. அங்க வர்றார். அதுக்குள்ள பொருளைக் கொண்டாந்து வெச்சிட்டா கேஸ் இல்லை. வைக்கலைன்னா ஜீப்.”

“ரொம்பப் பெருந்தன்மை. சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

“அந்தோணிகிட்ட.”

“அவர்கிட்ட மட்டும்?”

“மட்டும்தான்.”

“உங்ககிட்ட?”

நத்தானியேல் சிரித்தார். “நான் ஓனர் மேடம்.”

“அப்போ உங்ககிட்டயும் இருக்கு. இவர்கிட்ட?”

வசந்த் ஆணியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “ஐ ஆம் தி ஆர்ட்டிஸ்ட்,” என்றார்.

“ஆக மூணு சாவி,” என்றார் மக்பூல். “அதுல ஒண்ணுதான் திருடும். மத்த ரெண்டும் நல்ல குடும்பத்துச் சாவி.”

யாரும் சிரிக்கவில்லை. மக்பூல் அதையெல்லாம் எதிர்பார்க்கிற ஆளும் இல்லை.

ஜெனிஃபா அந்தோணியின் பக்கம் திரும்பினாள். “சாவிய ராத்திரி எங்க வெச்சிருந்தீங்க?”

“இடுப்புலம்மா. தூங்குறப்போ தலைகாணிக்குக் கீழ.”

“யார்கிட்டயாவது குடுத்தீங்களா?”

“இல்லம்மா.”

“பூட்டுறப்போ அது சுவத்துல இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா.”

அவள் குறிப்பேட்டை மூடினாள். அந்தோணி இன்னும் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

அவளை வரவழைத்தது அந்தோணியின் மகள் அக்சா. நர்ஸ். காலை ஷிஃப்ட் நடுவே மருத்துவமனைப் படிக்கட்டிலிருந்து போன் செய்தாள். அழவில்லை, விவரம் மட்டும் சொன்னாள். ஆட்சேபம் உண்டா என்று மூன்று ஞாயிறு தேவாலயத்தில் வாசிக்கும் அவளுடைய கல்யாண ஓலை, இரண்டாம் முறையாக அன்று காலைதான் வாசிக்கப்பட்டது. மூன்றாவது அடுத்த ஞாயிறு. மாப்பிள்ளை வீட்டார் ஆட்சேபம் சொல்ல இன்னும் ஏழு நாள் இருந்தது. அப்பாவை ஜீப்பில் ஏற்றினால் ஏழு நிமிடம் போதும்.

“இந்த நடையை நான் ஒருதடவை நடந்து பாக்கணும்,” என்றாள் ஜெனிஃபா.

சாராவின் முகம் மலர்ந்தது. “முதல் கூடத்துலேர்ந்து வரிசையா நடந்தாதான் புரியும் மேம். ஒவ்வொரு கூடமும் அடுத்ததோட உரையாடுது.”

“உரையாடட்டும். வர்றவங்க போட்டோ எடுக்கறாங்களே, அதெல்லாம் எங்க போகுது?”

“அஞ்சாம் கூடத்துல பார்வையாளர் கொடி இருக்கு.”

இரண்டு கையேடுகளைச் சாரா நீட்டினார். நடைக்கு வழிகாட்டி கிடையாது. கோட்டைக்கு எதிரே தொடங்கி, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நாமே நடக்க வேண்டும். ஒவ்வொரு கூடத்திலும் மேசைமேல் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும் முத்திரையை நாமே குத்திக்கொள்ள வேண்டும். கலையை நம்பி விட்டிருந்தார்கள். முத்திரையை நம்பவில்லை.

“ஏழு சீலும் குத்துனா துணிப்பை தராங்களாம் மேடம்,” என்றார் மக்பூல், வெளியே வந்ததும்.

“உங்களுக்குப் பை எதுக்கு பாய்?”

“அத்தனையும் பாத்துட்டு வாந்தி வந்தா?”

முதல் மூன்று கூடங்களை அவர்கள் இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தார்கள். முதலாவது, மூடிப்போன லாட்ஜின் வரவேற்பறை. அங்கே நூறு பூட்டுகள் கூரையிலிருந்து தொங்கின. அதற்குப் பெயர் ‘சுதந்திரம்’. இரண்டாவதில் வெந்நீர் கொதிப்பதை நாற்பது நிமிடம் படம் பிடித்து ஓட்டினார்கள். வேலூரில் மே மாதம் அதைப் பார்க்க வெளியே தலையை நீட்டினாலே போதும். மூன்றாவதில் பழைய செருப்புகளைக் குவித்து வைத்து ‘இடப்பெயர்வு’ என்று எழுதியிருந்தார்கள்.

மக்பூல் குவியலைச் சுற்றிவந்தார். “ஜும்மாவுக்கு மசூதி வாசல்ல இதைவிட ஜாஸ்தி இடப்பெயர்வு இருக்கும் மேடம். திரும்பி வர்றப்போ என்னுது மட்டும் பெயர்ந்திருக்கும்.”

ஜெனிஃபா ஒரு செருப்பைப் புரட்டித் தையலைப் பார்த்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினான்கு வருடம் தரச் சோதனையில் இருந்தவள் அவள். ஒரு நாளைக்கு எண்ணூறு ஜோடியைக் கையில் எடுத்துப் பார்த்து, தையல் அரை மில்லி விலகியிருந்தால் திருப்பி அனுப்புவது வேலை. இந்தக் குவியலை அவளிடம் அனுப்பியிருந்தால் பெட்டியோடு திரும்பியிருக்கும். இங்கே அதற்கு விளக்கு போட்டிருந்தார்கள்.

ஐந்தாம் கூடம் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. செங்குத்தான படி. மேலே போனதும் அறை முழுக்கக் கொடி கட்டி, துணிக் கிளிப்பில் படங்களை மாட்டியிருந்தார்கள். நான்காம் கூடத்தில் பார்வையாளர்கள் எடுத்துக்கொண்ட செல்ஃபிகளை இங்கே ஒரு சின்ன மிஷினில் அச்சடித்து, ஒரு பிரதி அவர்களுக்கு, ஒரு பிரதி கொடிக்கு. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கொடி. முதல் வெள்ளி தொடங்கி நேற்றுச் சனிவரை ஒன்பது கொடிகள்.

ஜெனிஃபா சனிக்கிழமைக் கொடிக்குப் போனாள். வாணியம்பாடிக் குடும்பம் ஒன்று, கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர், பல்லைக் காட்டிய ஒரு வக்கீல். எல்லோருக்கும் பின்னால் அந்தத் தோல் படைப்பு. மேலிருந்து கீழே வளைந்து இறங்கும் பழுப்பும் கறுப்புமான துண்டுகள். அடியில், ஒரு மூலையில், உள்ளங்கை அளவுக்கு ஒரு சிவப்புத் துண்டு.

கையேட்டை விரித்தாள். அதே படைப்பின் படம், தொடக்க விழாவுக்கு முன்னால் எடுத்தது. எதிர்ப்பக்கம் சாராவின் கட்டுரை இப்படித் தொடங்கியது: ‘இடப்புறம் சரியும் இந்த நிலம், வரலாற்றின் எடையை இடது தோளில் மட்டும் சுமந்த உடலின் நினைவு.’ இரண்டு பக்கம் முழுக்க இடப்புறம்தான்.

படத்தில் சிவப்பு இடது மூலையில் இருந்தது. செல்ஃபியில் வலது மூலையில் இருந்தது.

“பாய், இதைப் பாருங்க.”

மக்பூல் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “இது ஒரு மேட்டரா மேடம்? செல்ஃபி கேமரா இடத்தை வலமாக் காட்டும். என் பேத்தி எடுத்த போட்டோவுல என் மச்சம் இந்தக் கன்னத்துல இருக்கும். மாப்பிள்ளை வீட்ல குடுத்தா வேற ஆள்னு சொல்வான்.”

அது சரிதான். அவளே கையேட்டை மூடப் போனாள். மூடுவதற்கு முன் வக்கீலின் பல்லைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். படைப்புக்குக் கீழே ஒரு சின்னப் பலகை.

“இதைப் படிங்க.”

“தொடாதீர்கள்,” என்று படித்தார் மக்பூல். “யாரு தொடப்போறா இதை?”

“நேரா படிக்க முடியுதா?”

“முடியுதே.”

“கேமரா திருப்பியிருந்தா எழுத்தும் திரும்பியிருக்கணும்.”

மக்பூல் மறுபடி பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

ஜெனிஃபா கொடிகளை ஒவ்வொன்றாக நடந்தாள். முதல் வெள்ளி: சிவப்பு இடது. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்: இடது. புதன்கிழமைக் கொடியில் முதல் படத்திலேயே வலது. அதற்குப் பின் எல்லாமே வலது.

“புதன்கிழமை வேலூர் ஜனங்க எல்லாரும் ஒரே நாள்ல போனை மாத்திட்டாங்களா பாய்?”

“அப்போ செவ்வாய்க்கிழமை வரைக்கும் தொங்குனது ஒண்ணு. அப்புறம் தொங்குனது வேற ஒண்ணு.”

“அசல் செவ்வாய் ராத்திரியே போயிடுச்சு. நேத்து காணாமப்போனது நகல்.”

“நாலு நாள் நகல் தொங்கியிருக்கு, திரும்பின மாதிரி. ஒருத்தரும் பாக்கலையா?” மக்பூல் வியாழக்கிழமைக் கொடியில் ஒரு படத்தைக் கிளிப்போடு கழற்றினார். “மேடம். இந்த அம்மாவைப் பாருங்க.”

அது சாரா. படைப்புக்குப் பக்கத்தில் நின்று, வலது மூலையிலிருந்த சிவப்புத் துண்டைக் கையால் சுட்டிக்காட்டிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மறுகையில் கையேடு, இடப்புறத்தைப் பற்றிய பக்கத்தில் விரிந்திருந்தது. பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜெனிஃபா மூன்று படங்களைப் பைக்குள் போட்டாள். இத்தனை பேர் இத்தனை நாள் நின்று, தாடையைத் தடவி, தலையைச் சாய்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு ஷூ கம்பெனியில் இவர்களில் ஒருவரைக்கூடப் பெட்டி ஒட்டும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

“ஆனா நகல் எடுக்கறவன் எதுக்கு இடத்தை வலமா எடுக்கணும்?” என்று படியிறங்கும்போது கேட்டார் மக்பூல். “காப்பி அடிக்கிறவன் கூட ஒழுங்கா அடிக்கறதில்ல இந்த ஊர்ல.”

அந்தக் கேள்வி அவளுக்கும் இருந்தது. மணிக்கூண்டு மணி நான்கு காட்டியது. கடைகள் பாதி மூடியிருந்த லாங் பஜாரில் தள்ளுவண்டிகளுக்கு நடுவே ஆறாம் கூடத்துக்கு நடந்தார்கள்.

ஆறாவது ஒரு பழைய அச்சகம். உள்ளே வசந்த் எடுத்த புகைப்படங்கள், ஆளுயரத்தில் பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு தொழிலாளியின் கை. முகம் இல்லை. தலைப்பு ‘பெயரற்ற கைகள்’. கீழே ஒரு குறிப்பு: ‘இக்கைகளுக்குப் பெயரில்லை. கலைஞனின் பார்வையே இவற்றுக்கு முதல்முறையாக இருப்பைத் தருகிறது.’

ஜெனிஃபா ஏழாவது கைக்கு முன்னால் நின்றாள். வலது கை. கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது. ஆள்காட்டி விரல் மேல்மூட்டில் உள்ளே மடிந்திருந்தது.

“பேரு சாமிநாதன்,” என்றாள். “டோக்கன் நம்பர் முன்னூத்திப் பதினெட்டு. கட்டிங் செக்‌ஷன். ஆறு வருஷம் அந்த மிஷின் பக்கத்துல நின்னிருக்கேன். நகம் பிளந்த அன்னிக்கு நான்தான் துணி கட்டினேன்.”

“இந்தக் கைக்கு இருப்பு இருக்குதா மேடம்?”

“போன் நம்பரே இருக்கு.”

சாமிநாதன் மூன்றாவது மணியில் எடுத்தார். பின்னணியில் ஆடு கத்தியது. மாதனூரில் வீட்டில் இருந்தார்.

“ஜெனிஃபா மேடமா? இன்னா திடீர்னு? நல்லா கீறீங்களா?”

“இருக்கேண்ணே. வசந்த்னு ஒருத்தருக்குத் தோல்ல ஏதாவது வெட்டிக் குடுத்தீங்களா?”

ஆடு மட்டும் பேசியது.

“அண்ணே?”

“வெளில சொல்லக்கூடாதுன்னாரு மேடம்.”

“நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன், சரியான்னு சொல்லுங்க. அவர் கையை போட்டோ எடுக்க வந்தாரு. அப்புறம் ஒரு படம் வரைஞ்சு காட்டினாரு. நீங்க அதுக்குக் கத்தி செஞ்சு, தோல் வெட்டி, ஒட்டித் தெச்சுக் குடுத்தீங்க. மூணடி. பழுப்பு, கறுப்பு, கீழ ஒரு செவப்பு.”

“வூட்லதான் தெச்சாங்க. நான் வெட்டு மட்டும்.” பெருமை குரலில் தானாக வந்தது. “பின்பக்கம் பாத்தீங்களா? ஒரு நூல் தொங்காது.”

“ரெண்டாவது எப்போ கேட்டாரு?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வாரம் ஆவுது. போன்ல, ‘அண்ணே, அதே மாதிரி இன்னொண்ணு போட்டுடுங்க, அர்ஜன்ட்டு’ன்னாரு. கத்தி இருந்துச்சு, தோலும் இருந்துச்சு. கத்தியத் திருப்பிப் போட்டு வெட்டிட்டேன்.”

ஜெனிஃபா கண்ணை மூடிக்கொண்டாள். தோல் வெட்டுகிற கத்தி என்பது வளைத்த இரும்புச் சட்டம். இரண்டு பக்கமும் கூர். ஒரு பக்கம் வைத்து அழுத்தினால் இடது காலுக்கு. திருப்பி வைத்து அழுத்தினால் வலது காலுக்கு.

“ஏன்ணே திருப்பினீங்க?”

“இன்னா மேடம் கேள்வி இது?” சாமிநாதனுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. “மொதல்ல குடுத்தது லெப்ட்டு. இன்னொண்ணுன்னா ரைட்டுதானே? இருவத்திரெண்டு வருஷமா வெட்டறேன். ரெண்டு லெப்ட்டக் குடுத்தா நீங்களே பெட்டியத் தூக்கி மூஞ்சில அடிக்க மாட்டீங்க?”

“அடிச்சிருப்பேன். அவர் பாத்துட்டு ஒண்ணும் சொல்லலையா?”

“நேர்ல வந்து வாங்கினாரு. பிரிச்சுப் பாத்தாரு. ‘சூப்பர்ணே, அச்சு அசல் அதே’ன்னாரு.”

போனை வைத்தபின் ஜெனிஃபா சத்தம் போட்டுச் சிரித்தாள். மக்பூல் அவளைக் கவலையோடு பார்த்தார். அவள் சிரித்து அவர் பார்த்தது அந்த வருடத்தில் இரண்டாவது முறை.

“அவனோட படைப்பு அவனுக்கே தெரியலை பாய்.”

“சொந்தப் புள்ளையா இருந்தாத்தானே அடையாளம் தெரியும்,” என்றார் மக்பூல். ஆறாவது முத்திரையைக் குத்தி மையை ஊதினார்.

ஏழாம் கூடம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் பக்கவாட்டு அறை. அதற்குப் பின்னால் இன்னொரு சிறிய அறை. நடை நடக்கும் நாட்களில் வசந்த் அங்கேதான் தங்கியிருந்தார். நாற்காலிகள் போட்டாயிற்று, சாமந்தி மாலை வந்தாயிற்று, குத்துவிளக்கு எண்ணெய் இல்லாமல் நின்றது. மணி நாலு நாற்பது. விருந்தினர்கள் இன்னும் வரவில்லை. அந்தோணியை நாற்காலிகளுக்குப் பின்னால் தூணோரம் நிற்க வைத்திருந்தார்கள்.

ஜெனிஃபா மூன்று செல்ஃபிகளையும் கையேட்டையும் மேசையில் பரப்பினாள். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள். சாமிநாதன் பெயரைச் சொன்னபோது வசந்த் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

சாரா தன்னுடைய வியாழக்கிழமைப் படத்தை எடுத்து, பார்த்து, கவிழ்த்து வைத்தார். “இது... கலைஞரோட ஒரு திட்டமிட்ட இடையீடா இருக்கலாம். பார்வையாளரோட நினைவைச் சோதிக்கற மாதிரி...”

“எக்ஸாக்ட்லி,” என்றார் வசந்த்.

“நல்லது. அப்போ அசல் எங்க?” என்றாள் ஜெனிஃபா.

வசந்த் குத்துவிளக்கைப் பார்த்தார்.

“நான் சொல்றேன். நீங்க வேற யாருக்கோ வித்துட்டீங்க. இதே படைப்பை இன்னிக்கு சாயங்காலம் சென்னைக்காரர் ஆள் வந்து எடுத்துட்டுப் போறதா நத்தானியேல் சாரும் பேசிட்டாரு. ஒரு பொண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளை. அதான் இன்னொண்ணு செய்யச் சொன்னீங்க.”

நத்தானியேலின் வாய் திறந்திருந்தது. “பெங்களூர் பார்ட்டிக்கா? வசந்த்? அவங்க கேட்டப்பவே வேணாம்னு நான் சொன்னேனே.”

வசந்த் நாற்காலியில் சாய்ந்தார். “ஓகே. ஒரு வாதத்துக்கு வெச்சுப்போம். நான் ரீப்ளேஸ் பண்ணேன். நாலு நாள் ஒருத்தரும் கண்டுபிடிக்கலை. சாராவே கண்டுபிடிக்கலை. எனக்கே தெரியாது அது திரும்பியிருக்குன்னு. அந்தச் சென்னை ஆளும் அதை அப்படியே சுருட்டி எடுத்துட்டுப் போயிருப்பான். ரைட்? அப்புறம் நான் ஏன் அதைத் திருடணும்? லாஜிக் வேணாமா மேடம்? துப்பறியறீங்கல்ல?”

ஜெனிஃபா மேசையிலிருந்த செல்ஃபிகளை மறுபடி பார்த்தாள். நடந்து வந்த வழியெல்லாம் அந்த ஓட்டை கூடவே வந்திருக்கிறது, அவள் பார்க்கவில்லை. நத்தானியேல் மூச்சு விட்டார். “அதானே? சாவி அந்தோணிகிட்டதானே...”

“நான்தான் சார் சொன்னேன்.”

எல்லோரும் தூணின் பக்கம் திரும்பினார்கள்.

“என்ன சொன்னே?” என்றார் நத்தானியேல்.

“நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு.” அந்தோணி வசந்தைப் பார்த்தே பேசினார். “சென்னையிலேர்ந்து அந்தப் பேக்கிங் ஆளு கையில போட்டோவோட வந்து அளவெடுத்துட்டுப் போனாரு. அவரு போனதும் வசந்த் சார்கிட்ட சொன்னேன். ‘சார், போட்டோல செவப்பு அந்தாண்ட இருக்கு, சுவத்துல இந்தாண்ட இருக்கு. நாளைக்கு எடுத்துட்டுப் போறப்போ கேட்டா என்னா சொல்றது’ன்னேன். சார் ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் டீ வாங்கியாரச் சொன்னாரு.”

“உங்களுக்கு எப்போ தெரியும்?” என்றாள் ஜெனிஃபா.

“புதன்கிழமையே தெரியும்மா. தினம் எட்டு மணி நேரம் அது எதிர்லதானே ஒக்காந்திருக்கேன். அவங்களா மாத்தி மாத்தி வெப்பாங்க போலன்னு விட்டுட்டேன்.”

“மதியம் ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“நீங்க சாவியப் பத்தித்தானேம்மா கேட்டீங்க.”

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவர் நடந்ததைச் சொன்னார். ஜெனிஃபாவின் காது சூடானது. பதினான்கு வருடம் கையில் எடுத்துச் சோதித்தவள், பொருளைத் தினமும் பார்த்த ஒரே ஆளிடம் பொருளைப் பற்றிக் கேட்கவில்லை. நத்தானியேலைப் போலவே அவளும் அவரைச் சாவி மாட்டுகிற கொக்கியாகத்தான் பார்த்திருக்கிறாள். இந்தக் கும்பலைத் திட்டிக்கொண்டே வந்தவள், வரிசையில் இவர்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

“உங்க லாஜிக் கிடைச்சிடுச்சு,” என்றாள் வசந்திடம். “பாத்தவர் ஒருத்தர்தான். அவரைத் திருடன்னு ஆக்கிட்டா, அப்புறம் அவர் என்ன சொன்னாலும் யார் கேப்பா? ராத்திரி உங்க சாவியால திறந்து எடுத்தீங்க.”

“ப்ரூஃப்?”

“மேடம்!” பின்னறையிலிருந்து மக்பூலின் குரல். அவர் எப்போது உள்ளே போனார் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு நீள அட்டைக் குழாயோடு வெளியே வந்தார். “கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. வலது கால் கெடச்சிடுச்சு.”

மேசையில் விரித்தார். சிவப்பு, வலது மூலையில். பின்பக்கம் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை.

வசந்த் எழுந்து சட்டையைச் சரிசெய்தார். “இது என் படைப்பு. என் படைப்பை நான் எடுத்தா அது திருட்டு இல்லை. மீதியை என் லாயர் பேசுவார். காட்பாடியில எனக்கு ட்ரெயின் இருக்கு.”

பையை எடுக்கப் பின்னறைக்குள் போனார்.

நத்தானியேல் ஜெனிஃபாவை ஜன்னலோரம் இழுத்தார். குரல் தாழ்ந்தது. “மேடம், இதைப் பெருசாக்க வேணாமே. ஆர்ட் உலகம் ரொம்பச் சின்னது. சென்னை பார்ட்டிக்குத் தெரிஞ்சா அடுத்த வருஷம் நடையே இருக்காது. அவரு கிளம்பட்டும். நாங்க உள்ளுக்குள்ள பேசித் தீத்துக்கறோம்.”

“எஸ்.ஐ.கிட்ட என்ன சொல்வீங்க?”

“ஏதாவது... இப்போதைக்குத் தெரியலை, விசாரிச்சிட்டிருக்கோம்னு...”

“புகார்ல யார் பேரு இருக்கு?”

நத்தானியேல் மாலையைப் பார்த்தார்.

வெளியே தெருமுனையில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தள்ளுவண்டியை விலக்கச் சொல்லி இன்னொரு முறை அடித்தது.

“சார்,” என்றார் அந்தோணி. தூணை விட்டு நகர்ந்து மேசை அருகே வந்திருந்தார். “ஜீப்பு வந்தா யாரை ஏத்துவாங்க?”

“பேசிக்கலாம் அந்தோணி. நீ டென்ஷன் ஆவாதே. ஸ்டேஷனுக்கு ஒரு தடவை போய்ட்டு வந்தா ஒண்ணும் ஆயிடாது. நான் சொல்றேன் அவங்ககிட்ட.”

அந்தோணி அதை முழுக்கக் கேட்டார். தலையை ஆட்டினார். ஏழு வருடமாக அந்த மனிதர் சொன்ன எல்லாவற்றுக்கும் ஆட்டிய அதே தலை.

பிறகு பின்னறைப் பக்கம் நடந்தார். அவசரம் இல்லாத நடை. உள்ளே வசந்த் முதுகைக் காட்டிக்கொண்டு பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தார். கம்பி போட்ட ஒரே ஜன்னல் வழியாக வெயில் அவர் கறுப்புச் சட்டையில் விழுந்திருந்தது.

“அந்தோணி, என்ன பண்றே?” என்றார் நத்தானியேல்.

அந்தோணி கதவை இழுத்துச் சாத்தினார். கொண்டியை மாட்டினார். அதில் திறந்து தொங்கிக்கொண்டிருந்த பூட்டை உள்ளங்கையால் அழுத்திப் பூட்டி, எப்போதும் செய்வதுபோல இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.